நூற்று எண்பத்தேழு மெயில்களும் ஒரு ராசியான வரியும்

நவம்பர் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது. வாடைக்காற்றில் சாரல் மட்டும் சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. துறைமுகச் சாலையோரம் உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடியிருந்தார்கள். பன்னிரண்டு எண்ணினேன், அதில் இரண்டு சரியாக மூடப்படவில்லை. அது என் உப்பு இல்லை. இருந்தாலும் ஆட்டோவில் போகும்போதே அந்தக் கவலை எனக்கு வந்துவிட்டது.

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அலுவலகத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். கப்பலில் சரக்கு ஏற்றி அனுப்பும் ஏஜென்சி அது. இப்போது அங்கே மேனேஜராக இருக்கும் முத்துச்செல்வி முந்தின நாள் போன் செய்திருந்தாள். "சார், ஆபீஸ்ல மெயிலை மாத்திட்டோம். நீளமா போற மெயிலையெல்லாம் இது தானா பிரிச்சு, எது கேள்வி, எது பதில், எது முடிவுன்னு காட்டுது. உங்க நண்டு மெயிலை இதுல போட்டுப் பார்க்கப் போறேன். நீங்க வராம நான் பட்டனை அமுக்க மாட்டேன்" என்றாள்.

நண்டு மெயில்! அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது. அதைச் சொல்வதற்கு முன் மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத் பக்கம். பி.காம். முடித்து, தட்டச்சு படித்து, அந்த ஏஜென்சியில் சேர்ந்தேன். முதலில் டெலக்ஸ், பிறகு ஃபேக்ஸ், பிறகு மெயில். டெலக்ஸில் எழுத்துக்கு இவ்வளவு என்று காசு போனதால் எல்லோரும் அளந்து பேசினார்கள். மெயில் வந்தது, வாய் திறந்துகொண்டது. "சரி" என்று ஒரு வார்த்தை எழுத, அதன் அடியில் பழைய மெயில் முப்பதையும் இழுத்துக்கொண்டு வருவார்கள். ஒருவர் மேலே பதில் எழுதுவார், ஒருவர் கீழே எழுதுவார். இன்னொருவர், "என் பதிலை உங்கள் மெயிலுக்குள்ளேயே சிவப்பில் கொடுத்திருக்கிறேன்" என்பார். நம் கம்ப்யூட்டருக்கு வரும்போது சிவப்பு கறுப்பாகியிருக்கும்.

எனக்கு மேலதிகாரி மச்சாது சார். தூத்துக்குடிக்காரர், கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். வெள்ளைச் சட்டை, கையை மடிக்க மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். அவர் குரல் தணியத் தணியத்தான் கோபம் கூடுகிறது என்று அர்த்தம். மேஜையில் நான்கு சங்குகள் வைத்திருந்தார், மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க. ஒரு மெயிலை வாசிக்கும் முன் கண்ணாடியைத் துடைப்பார். வாசித்து முடித்ததும் நம்மிடம் மூன்று கேள்வி கேட்பார்: யார் எழுதினது? யாருக்கு? எதுக்குப் பதில்? முதல் இரண்டுக்கும் எவனும் பதில் சொல்லிவிடுவான். மூன்றாவதில்தான் மாட்டுவோம்.

"வேய் ஜெபமணி, கடைசியா வந்த மெயில் வேற, கடைசியா எடுத்த முடிவு வேற. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனைக்கிறவன் கப்பலைக் கோட்டை விடுவான்" என்பார்.

நான் அதை நம்பினேன். ஆனால் அதன் அர்த்தம் அந்தோணியம்மாள் அக்கா கண்டெய்னரில்தான் விளங்கியது.

அந்தோணியம்மாள் அக்கா, தூத்துக்குடியில் மீனவர்கள் வாழும் திரேஸ்புரத்துக்காரி. இன்னொருவர் ஆலையில் நண்டு உரிக்கப் போய்க்கொண்டிருந்தவர், சொந்தமாக ஒரு சிறிய ஆலை போட்டார். நாற்பத்திரண்டு பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். முதல் கண்டெய்னர் வெட்டிய நண்டு, உறைய வைத்தது. அது குறைவில்லாமல் வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த செய்தியை அக்கா எங்களுக்கு ஒரு மெயிலாக எழுதினார்: "முதல் கண்டெய்னர் ஒரு பெட்டிகூடக் குறையாமல் போய்ச் சேர்ந்தது. மாதாவுக்கு நன்றி."

பிறகு இரண்டாவது கண்டெய்னர் வந்தது. அக்கா புது மெயில் ஆரம்பிக்கவில்லை. அந்த மெயிலிலேயே பதிலாக இரண்டாவது சரக்கின் விவரத்தை எழுதினார். மூன்றாவதும் அப்படியே.

நான் பொறுக்க முடியாமல் போனில் கேட்டேன். "அக்கா, ஒவ்வொரு சரக்குக்கும் தனி மெயில் போடுங்க. நான் எண்ணிட்டேன், தொண்ணூத்தாறு மெயில் ஆயாச்சு."

"எண்ணாதிய அண்ணாச்சி, கண்ணு பட்டிரும்" என்றார். "அது ராசியான மெயிலு. அதுலதான் முத கண்டெய்னர் நல்லபடியா சேந்த சேதி போட்டேன். அதை விட்டுட்டுப் புதுசா ஆரம்பிக்க மனசு வரமாட்டேங்கு."

"மெயிலுக்கு என்னக்கா ராசி?"

"வள்ளத்துக்கு இருக்கு, வலைக்கு இருக்கு. மெயிலுக்கு மட்டும் இருக்காதாக்கும்?"

மச்சாது சார் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அவர் தகப்பனாரும் கடலுக்குப் போனவர்.

நான்காவது சரக்குதான் பெரிய சரக்கு. இந்த முறை உறைய வைத்த நண்டு இல்லை. சதையைப் பிரித்து, டின்னில் அடைத்து, சூடாக்கிப் பதப்படுத்தியது. இதைக் குளிரில் வைக்க வேண்டும், உறைய விடக்கூடாது. உறைந்தால் சதை பஞ்சு மாதிரி ஆகித் தண்ணீர் விட்டுவிடும், வாங்குகிறவர் திருப்பி அனுப்பிவிடுவார். முந்தின மூன்று கண்டெய்னருக்கும் குளிர் மைனஸ் பதினெட்டு டிகிரி. இதற்கு பிளஸ் ஒன்று.

அக்காவுக்கு இது வாழ்வா சாவா என்கிற சரக்கு. "இது திரும்புச்சுன்னா ஆலையைச் சாத்திட்டு, பழையபடி நாங்க நாப்பத்து மூணு பேரும் அடுத்தவன் ஆலையில நண்டு உரிக்கப் போகணும்" என்று சொல்லியிருந்தார். தன்னையும் சேர்த்துத்தான் நாற்பத்து மூன்று.

டின் சரக்கு ஏற்றுகிற அன்று காலை நான் அலுவலகம் வந்தபோது மெயில் நூற்று எண்பத்தேழில் நின்றது. கடைசி மெயில் வெளிநாட்டிலிருந்து, வாங்குகிறவரின் தர அதிகாரியிடமிருந்து: "நீங்கள் கேட்டபடி மைனஸ் பதினெட்டு சரியே. அப்படியே அனுப்புங்கள்." முத்துச்செல்வி அப்போது வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கு முன்பே வந்தவள், கடைசி மெயிலைப் பார்த்தாள். கப்பல் கம்பெனிக்குச் சொல்லி, ஆலையில் நின்ற கண்டெய்னரின் குளிரை மைனஸ் பதினெட்டுக்கு மாற்ற வைத்தாள். வாங்குகிறவரே மாற்றிச் சொல்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன். மதியம் சரக்கு ஏறி, சீல் வைத்து, டிரெய்லர் கிளம்பியும் விட்டது.

சாப்பிட்டுவிட்டு வந்து அந்த மெயிலை மறுபடி வாசித்தேன். "நீங்கள் கேட்டபடி." யார் கேட்டது? நான் பின்னோக்கி ஒவ்வொன்றாகப் போனேன். கடைசி முப்பது மெயிலில் குளிரைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. நாற்பது பார்த்தேன், இல்லை. அடியில் ஒட்டி வந்த பழையதை எப்போதும்போலக் குப்பையென்று பார்க்கவே இல்லை. பல்லாயிரம் மைல் தள்ளி ஒரு மனிதர் பதில் சொல்லியிருக்கிறார், கேள்வியைக் காணோம்!

மச்சாது சாரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். வாசித்தார். குரல் தணிந்தது.

"எல்லாத்தையும் பிரிண்ட் எடும்."

"சார், ஒவ்வொண்ணும் பழைய வாலை இழுத்துட்டு வருது. ஐந்நூறு பக்கம் வரும்."

"கடைசி நூறு மெயில் எடும். வாலை வெட்டிருவோம். ஏம்மா செல்வி, கத்தரிக்கோல் கொண்டா."

குசினியில் டீ போட்டுக்கொண்டிருந்தவர் வரை ஆளுக்கொரு கத்தரிக்கோல். ஒவ்வொரு மெயிலிலும் அதை அனுப்பியவர் புதிதாக எழுதினது மட்டும் மிஞ்ச வேண்டும், அடியில் ஒட்டி வந்த பழையது தரைக்குப் போக வேண்டும். ஆனால் வெட்டும் முன் சார் ஒன்று பார்க்கச் சொன்னார்: வாலின் முதல் மெயில் எது? அதற்குத்தான் இவர் பதில் எழுதியிருக்கிறார். அந்த எண்ணைச் சிவப்புப் பென்சிலால் மேலே எழுதிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். நீண்ட மேஜையில் இரண்டு வரிசை வைத்தோம். இடது பக்கம் மூன்றாவது கண்டெய்னர், வலது பக்கம் நான்காவது. பறக்காமல் இருக்க நான்கு சங்குகளும் போதவில்லை, ஸ்டேப்ளர், டிபன் பாக்ஸ் எல்லாம் ஏறியது.

நூறு மெயில் வெட்டிய பிறகு இருபத்தாறு பக்கம்தான்! மிச்சமெல்லாம் தரையில் கிடந்தது, கணுக்கால் உயரத்துக்கு. இவ்வளவு குப்பையைத்தான் தினமும் தலையில் சுமந்திருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது.

நூற்று எண்பத்தேழாவது மெயில் செல்வி கையில் இருந்தது. வாலைப் பார்த்தாள்.

"சார், இது தொண்ணூத்தாறுக்குப் பதில்."

தொண்ணூற்றாறு அவளே எழுதியது. வேலைக்கு வந்த புதிதில், மூன்றாவது கண்டெய்னருக்காக, "இதற்கும் மைனஸ் பதினெட்டுதானா?" என்று கேட்டிருந்தாள். அந்த அதிகாரி அப்போது லீவில் போயிருந்தார். லீவு முடிந்து வந்தவர், தேங்கிக் கிடந்த மெயில்களை அடியிலிருந்து பார்த்து, கண்ணில் பட்ட கேள்விக்குக் கண்ணியமாகப் பதில் போட்டிருக்கிறார். மூன்றாவது கண்டெய்னர் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது! எல்லாம் ஒரே மெயிலில் ஓடியதால், அவர் பதில் நான்காவது சரக்கின் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. டின் சரக்கின் உண்மையான முடிவு வலது வரிசையில் அமைதியாக இருந்தது: நூற்று முப்பத்தொன்றாவது மெயில், பிளஸ் ஒன்று.

சார் மெயில் எழுதவில்லை. போனை எடுத்தார். கப்பல் கம்பெனிக்கு ஒன்று, டிரெய்லர் டிரைவருக்கு ஒன்று. அதற்குப் பிறகுதான் என்னிடம் சொன்னார்: "இப்ப புது மெயில். பழசுல பதில் போட்டீர்னா கையை ஒடிச்சிருவேன். தலைப்புல கண்டெய்னர் நம்பர், குளிர் மாற்றம், பிளஸ் ஒன்று. உள்ள நாலு வரி. என்ன முடிவு, யார் எடுத்தது, எந்த மெயில்ல, இப்ப யார் என்ன செய்யணும். அஞ்சாவது வரி வேண்டாம்."

நான்கு வரிதான் எழுதினேன். கப்பல் கம்பெனியிலிருந்து உடனே பதில் வந்தது. அதுவும் ஒரு வரிதான்! நம் மெயிலைப் படித்தவர்களும் சுருக்கமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்பதில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை அந்தப் பதற்றத்திலும் மறைக்க முடியவில்லை.

துறைமுகத்துக்கு வெளியே உள்ள யார்டில் டிரெய்லரை நிறுத்தியிருந்தார்கள். டெக்னீஷியன் குளிரை மாற்றினார். சுங்க அதிகாரியின் அனுமதி வாங்கி, அவர் முன்னால் சீலை உடைத்து, குளிர்க்காற்று நேராகப் படுகிற இடத்துப் பெட்டியை இறக்கினோம். அக்கா அதற்குள் ஆலையிலிருந்து வந்துவிட்டார். முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் நின்றார்.

"அக்கா, கண்டெய்னர் போர்டுல மைனஸ் பதினெட்டுன்னு எரிஞ்சதைப் பார்க்கலையா?" என்றேன்.

"பார்த்தேன் அண்ணாச்சி. வாங்குறவனே எழுதியிருக்கான்னு செல்வி சொன்னா. அவன் சொல்லுதான், நான் என்னத்த குறுக்கச் சொல்ல?"

டின்னுக்குள் வெப்பமானியைக் குத்தினார்கள். மைனஸ் அரை டிகிரி, உறையத் தொடங்கும் விளிம்பு. டெக்னீஷியன் உதட்டைப் பிதுக்கினார். அக்கா அவர் கையிலிருந்து டின்னை வாங்கினார். ஒரு துண்டு சதையை எடுத்து விரலால் பிரித்தார். உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார். அவர் மெல்லுவதை நாங்கள் ஏழு பேர், சுங்க அதிகாரி உட்பட, பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நார் நாராப் பிரியுது" என்றார். "தண்ணி விடல. ஒண்ணும் ஆகல. மாதாவே!"

செல்வி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதிருப்பேன், ஆனால் இறக்கிய பெட்டிகளை எண்ணித் திரும்ப ஏற்றுகிற கவலை எனக்கு இருந்தது. சரக்கு அதே கப்பலில் போனது. ஒரு டின்கூடத் திரும்பவில்லை. திறந்த டின் ஒன்று குறைவு, அதற்கும் கடிதம் கொடுத்துவிட்டோம்.

அடுத்த சரக்குக்கு முன் அக்காவை ராசியான மெயிலிலிருந்து கிளப்ப வேண்டும். நான் விதி எழுதி அனுப்பலாம் என்றேன். சார் வேண்டாம் என்றார். அவரே திரேஸ்புரத்துக்கு, அக்கா ஆலைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"அந்தோணியம்மா, அந்த மெயில்ல ராசி எங்க இருக்கு? நூத்து எண்பத்தேழுலயுமா?"

அக்கா யோசித்தார். "அதெப்படி? முத வரியிலதான். மாதாவுக்கு நன்றின்னு போட்டமே, அங்கன."

"அப்ப அந்த வரியை ஒவ்வொரு புது மெயிலுக்கும் தலையில வச்சுருவோம். ராசியும் கூடவே வரும்."

"ஒரு எழுத்தும் மாறக்கூடாது."

"மாறாது."

அன்றிலிருந்து அக்காவின் ஒவ்வொரு சரக்குக்கும் தனி மெயில். ஒவ்வொன்றும் அந்த வரியோடு ஆரம்பிக்கும். அதன் கீழ் எங்கள் நான்கு வரி. முடிவு மாறினால் நான்கு வரியும் மாறும். புதிதாக வருகிறவர் பழையதைத் தோண்ட வேண்டாம், தலையைப் பார்த்தால் போதும். பதில் எழுதினால் எந்தக் கேள்விக்கு என்று அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துப் போட வேண்டும், வாலை வெட்டிவிட வேண்டும். நான் ஓய்வு பெறும்வரை அலுவலகம் முழுக்க இப்படித்தான் நடந்தது. வாலை வெட்டாதவன் முன்னால் மச்சாது சார் பேசாமல் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போவார்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். மச்சாது சாரும் வந்திருந்தார். எண்பத்தொரு வயது, அதே மடிக்காத வெள்ளைச் சட்டை.

"வேய், இது கண்டுபிடிச்சுரும்" என்றார், உட்காரும் முன்பே.

"கண்டுபிடிக்காது சார். கடைசி மெயிலைத்தான் பார்க்கும். மைனஸ் பதினெட்டுன்னு சொல்லும்."

"பந்தயம்?"

"ஆபீஸ் முழுக்க முந்திரி மக்ரூன்."

செல்வி பழைய கோப்பிலிருந்து அந்த நண்டு மெயிலைத் திறந்தாள். பட்டனை அமுக்கினாள்.

திரையில் நூற்று எண்பத்தேழும் சுருண்டன. வால் எல்லாம் மடிந்து உள்ளே போயின. நான்கு பட்டைகளாகப் பிரிந்தன, கண்டெய்னருக்கு ஒன்று! ஆள் ஆளுக்கு ஒரு நிறம். நான்காவது பட்டையின் தலையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை எழுந்து நின்று வாசித்தேன். குளிர், பிளஸ் ஒன்று. முடிவு, நூற்று முப்பத்தொன்றாம் மெயில். அதன் கீழ் ஒரு குறிப்பு: நூற்று எண்பத்தேழாம் மெயில் இந்தச் சரக்குக்கானது அல்ல, தொண்ணூற்றாறாம் மெயிலின் கேள்விக்குப் பதில். அந்த எண்ணைத் தொட்டால் நேராகக் கேள்விக்கே கொண்டுபோய் நிறுத்தியது!

கத்தரிக்கோல் இல்லை, சங்கு இல்லை, தரையில் குப்பை இல்லை. நான் மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் சரியாகப் போய் நின்றது. தோற்றதில் இவ்வளவு சந்தோஷம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை. "சார்! எதுக்குப் பதில்னு சொல்லுது சார்! உங்க மூணாவது கேள்வி!" என்று கத்திவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அப்போது செல்வியின் போன் அடித்தது. அந்தோணியம்மாள் அக்கா. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏளா செல்வி, காலையில நீ அனுப்புன மெயில்ல தலைவரியைக் காணலியே! டிரெய்லர் வாசல்ல நிக்கி. நான் ஒரு பெட்டியும் ஏத்தல. ஏத்தவும் மாட்டேன்."

செல்வி நாக்கைக் கடித்தாள். காலையில் அக்காவின் அன்றைய சரக்குக்கான மெயிலைப் புது ஏற்பாட்டின் வழியாகத்தான் அனுப்பியிருந்தாள். எல்லா மெயிலிலும் திரும்பத் திரும்ப வருகிற வரி என்று அந்த நன்றி வரியையும் வால் என்று நினைத்து மடித்து வெளியே தள்ளியிருந்தது அது.

"அக்கா, ஒரு நிமிஷம். திருப்பி அனுப்புதேன்" என்று தட்டினாள். இனி மடிக்கக்கூடாத வரி என்று அதற்கு ஒரு குறியும் போட்டாள்.

பிறகு அக்கா குரல்: "வந்துட்டு. ஒரு எழுத்தும் மாறல." பின்னால் யாருக்கோ கூவினார்: "ஏத்துங்கலே!"

மச்சாது சார் கண்ணாடியைத் துடைத்தார். "செல்வி, உனக்குத் தெரியுமா, அந்த வரி எங்க வருதோ அங்கதான் அவளுக்குப் புது சரக்கு ஆரம்பம். முப்பது மெயில் தள்ளிப் போனாலும் அதைப் பார்த்துத்தான் அவ எடம் கண்டுபிடிக்கிறா. நாம நாலு வரி கண்டுபிடிச்சோம். அவ ஒரு வரியில முடிச்சுட்டா."

பிறகு என் பக்கம் திரும்பினார். "குளிரைக் கண்டுபிடிச்சுது, ராசியைத் தொலைச்சுது. பாதி நீர் தோத்தீர், பாதி நான் தோத்தேன்."

அலுவலகத்தில் பதினோரு பேர். அக்கா ஆலைக்கு ஒரு தனிப் பெட்டி. மக்ரூன் ஆயிரத்து நானூறு, அதில் என் பாதி எழுநூறு, போக வர ஆட்டோ நூற்று அறுபது. ஆக மொத்தம் எனக்குச் செலவு எண்ணூற்று அறுபது ரூபாய்.